இதழும் இனாமும்

ஈகை இன்னதென்று வரையறுக்கப் புகுந்த வள்ளுவனார், அவ்வதிகாரத்தின் முதற் குறளிலேயே ஒரு கோடு கிழித்து விடுகின்றார். இல்லாதவர்க்குக் கொடுப்பதே ஈகையாம். ஏனைக் கொடைகளெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையனவாம். குறியெதிர்ப்பையாவது, அளவு குறித்து வாங்கி அவ்வளவே திருப்பித் தரும் கைம்மாற்று. அண்டை வீட்டில் ஓர் ஆழாக்கு அரிசி வாங்கி, மறுநாள் அதே ஆழாக்கினால் அளந்து கொடுப்பது போல்வது. இச்சொல்லை அவர் இகழ்ச்சிக் குறிப்போடு ஆண்டார் என்று யாம் கருதவில்லை. கைம்மாற்று இல்லையேல் ஊரிற் பாதி அடுப்புகள் எரியா. கைம்மாற்றுக்குக் கொடையென்று பெயரிடுதல் தகாது என்பதே அவர் கருத்தெனத் தோன்றுகின்றது.

இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுவது, இதழ் நடத்துவோர் தம் வாசகர்க்கு வழங்கும் இனாம்களைப் பற்றியாம். சிறப்பாக, கணினி முதலிய கருவிகளைப் பற்றி எழுதும் இதழ்களின் இனாம்களைப் பற்றி. இதழுக்கு விலையுண்டு, இதழோடு ஒட்டிவரும் பொருளுக்கு விலையில்லை என்பர். அங்ஙனமாயின் அது எவ்வகைக் கொடை? அதனாற் பெருகுவோர் வாசகரா, வாங்குவோர் மட்டுமா? இவ்வினா எமக்கு ஏட்டு வினாவாக மட்டும் நிற்கவில்லை. எம் தமிழ்ப் பேரவை மாணவர் சிலர் கூடிக் கணினிச் செய்திகளைத் தமிழில் எழுதித் திங்கள்தோறும் ஒரு சிறு தாள் வெளியிட்டு வருகின்றோம். எடுத்துச் செல்வோர் பலர், படிப்போர் சிலர். வாசகரை ஈர்க்கும் பொருட்டு ஊற்றெழுதுகோலோ துணிப்பையோ இனாமாகக் கொடுக்கலாம் என்றும், செலவை ஒரு கடைக்காரர் ஏற்பார் என்றும் எம்முள் ஒரு சாரார் கூறினர். அதனை ஏற்பதா மறுப்பதா என்று துணியும் முன், இவ்வழியிற் சென்றோர் அடைந்தது யாதென்று பார்த்தல் நலமென எண்ணினோம்.

நம் காய்கறிக் கடைகளிற் கொசுறு என்றொரு வழக்கம் உண்டு. பேரம் முடிந்து காசு கைமாறிய பின், கடைக்காரர் ஒரு பிடி கொத்துமல்லியோ இரண்டு பச்சை மிளகாயோ பையிற் போடுவார். போடாவிடின் நாமே கேட்டுப் பெறுவோம். கொசுறுக்கு இரண்டு இயல்புகள் உள. அது வாணிகம் முடிந்தபின் வருவது; கொத்துமல்லிக்காகக் கத்தரிக்காய் வாங்குவார் எவருமிலர். அன்றியும், அது வாங்கிய காயோடு ஒரே குழம்பிற் சேர்வது. இதழாளர் இனாமோ முன்னரே அறிவிக்கப்படுவது. சில வேளைகளில் இதழின் பெயரினும் பெரிய எழுத்தில். ஆதலின் முதலியல்பு அதற்கில்லை. இரண்டாம் இயல்பு மட்டும் இனாமுக்கு இனாம் வேறுபடுகின்றது. கொடுத்த பொருள் இதழோடு ஒரே குழம்பிற் சேருமா என்னும் இவ்வொன்றையே யாம் அளவுகோலாகக் கொள்கின்றோம்.

இனி, இம்முறை செழித்து வளர்ந்த நாடுகளுள் ஒன்றாகிய பிரிட்டனின் வரலாற்றைச் சிறிது விரித்துரைப்போம். 1881-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் மாஞ்செஸ்டர் நகரில் ஜார்ஜ் நியூன்ஸ் என்பார் 'டிட்-பிட்ஸ்' என்னும் கிழமையிதழைத் தொடங்கினார். பெயருக்கேற்ப அது துணுக்குகளின் தொகுதி. தொடக்கக் கல்வி பரவியதனால் எழுத்தறிந்து, நீண்ட கட்டுரை படிக்கப் பொழுதில்லாத மக்கள் அதனை விரும்பி வாங்கினர். 1883-இல் அவர் நடத்திய போட்டியொன்றிற்குப் பரிசு ஒரு வீடு! இலண்டனின் தென்பகுதியாகிய டல்விச்சில் அமைந்த அவ்வீட்டுக்கு 'டிட்-பிட்ஸ் வில்லா' என்ற பெயரையே வைத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. பரிசு பெற்றவன் குடியிருக்கும் இல்லமே விளம்பரப் பலகையாயிற்று. 1885-இல் மற்றொன்று செய்தார். புகைவண்டி விபத்தில் இறந்தவரிடம் டிட்-பிட்ஸ் படியொன்று இருக்கக் காணின், அவர் உறவினர்க்கு 100 பவுன் வழங்கப்படும் என்று அறிவித்தார். அவ்விதழைப் படித்திருத்தல் வேண்டும் என்பதன்று. உடன் வைத்திருந்தாற் போதும். வாசிப்பையும் வாங்குதலையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டிய இனாம் பிறிதொன்று இருக்குமோ என ஐயுறுகின்றோம்.

நியூன்ஸ் வழியைக் கண்டு 1888-இல் 'ஆன்சர்ஸ்' இதழைத் தொடங்கிய ஆல்பிரட் ஹார்ம்ஸ்வர்த், மறு ஆண்டே ஆசிரியரை விஞ்சிய மாணவரானார். 1889 டிசம்பர் 4-ஆம் நாள் மாலையில் இங்கிலாந்து வங்கியிலுள்ள பொன் வெள்ளி நாணயங்களின் மதிப்பு எவ்வளவு என்று ஊகித்துச் சொல்வோர்க்கு, வாழ்நாள் முழுதும் கிழமைக்கு ஒரு பவுன் பரிசு. விடையெழுதுவோர் ஐந்து சாட்சிகளின் கையொப்பம் பெறுதல் வேண்டும்; அவர்கள் உறவினராகவோ உடனுறைவோராகவோ இருத்தலாகாது. இந்நிபந்தனையை மேலோட்டமாகப் பார்ப்போர், மோசடியைத் தடுக்கும் ஏற்பாடென்று எண்ணுவர். ஆயினும் ஒருவர் விடையெழுத ஐவர் அவ்விதழின் பெயரைக் கேட்டனர் என்பதை நோக்குக. வந்த விடைகள் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டன. பரிசு பெற்றவர் ஒரு போர்வீரர். ஆன்சர்ஸ் இதழின் விற்பனையும் 2 இலட்சத்தைக் கடந்தது.

நியூன்ஸிடம் பணிபுரிந்து பின்னர்த் தனியே இதழ் தொடங்கிய பியர்ஸன் என்பவர், 1892-இல் விடுபட்ட சொல்லைக் கண்டுபிடிக்கும் போட்டியைப் பரப்பினார். ஒரு சொற்றொடரின் ஈற்றுச்சொல்லை விட்டுவிட்டு, அதனை நிரப்பியனுப்பப் போட்டியாளரிடம் ஒரு ஷில்லிங் கட்டணமும் வாங்கினர்; திரண்ட பணத்தைச் சரியாக எழுதியோர் பங்கிட்டுக்கொண்டனர். தக்க சொற்கள் பலவாக இருக்க, அவற்றுள் எது ஆசிரியர் மறைத்தது என்று அறிதற்குப் புலமை உதவாது, குருட்டுவாக்கே உதவும். அது குலுக்குச்சீட்டே என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் சொற்புதிர்ப் பரிசுகளின் பெருக்கம் கட்டுக்கடங்காமற் போகவே, 1955-இல் பரிசுப் போட்டிச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு திங்களிற் கொடுக்கும் பரிசின் மொத்த மதிப்பு 1,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. ஒரு போட்டிக்கு வரும் விடைகள் 2,000-க்கு மேற்படலாகாது என்று அச்சட்டம் வரம்பிட்டது. குறுக்கெழுத்து, விடுபட்ட சொல், படப்போட்டி ஆகிய மூன்றையும் அது பெயர் சுட்டியே கூறுகின்றது. தமிழ் பயில்வோராகிய எமக்குச் சொல்லாட்டம் மிக இனியது. ஆயினும் சொல்லைக் கருவியாக்கிச் சூதாடினோரை நோக்க, அவ்வரம்பு மிகையென்று சொல்ல நா எழவில்லை.

இனாமின் வெறி உச்சத்தை எட்டியது 1930-களில் ஆகும். 'டெய்லி ஹெரால்ட்' என்பது பிரிட்டிஷ் தொழிலாளர் இயக்கத்தின் நாளிதழ். 1930 முதல் அதன் 51 விழுக்காட்டுப் பங்கு ஓடம்ஸ் என்னும் அச்சு நிறுவனத்திடமும், 49 விழுக்காடு தொழிற்சங்கப் பேரவையிடமும் இருந்தது. ஓடம்ஸ் நிறுவனம் விற்பனையைப் பெருக்குவதற்கு வீடுதோறும் ஆள் அனுப்பியது. ஏனை நாளிதழ்களும் அவ்வாறே செய்தன. கதவைத் தட்டிய முகவர்கள் உலகச் செய்தி பேசினாரல்லர். ஊற்றெழுதுகோல், புகைப்படக் கருவி, பட்டுக்காலுறை, சமையற்கலம் ஆகியவற்றைப் பற்றியே பேசினர். இத்தனை கிழமைகள் தொடர்ந்து வாங்குவதாகப் பதிவு செய்து, தாளில் அச்சிட்ட சீட்டுகளை வெட்டிச் சேர்த்தனுப்பினாற் பொருள் வரும். கெடு முடிந்ததும் இல்லத்தரசி என்ன செய்வாள்? காலுறை வந்தாயிற்று, இனிச் சமையற்கலம் தரும் தாளுக்கு மாறுவாள். அவளைக் குறை கூறுவதற்கில்லை. அவளிடம் செய்தியைப் பற்றி எவரும் பேசவே இல்லையே.

1933-இல் டெய்லி ஹெரால்ட் சார்லஸ் டிக்கன்ஸின் நூல்களை 16 தொகுதிகளாக 11 ஷில்லிங் விலைக்குத் தன் வாசகர்க்கு அளிக்க முன்வந்தது. மற்ற நாளிதழ்கள் சினந்தன. பின்பு தாமும் நட்டத்துக்கு டிக்கன்ஸை விற்கத் தலைப்பட்டன. அவ்வாண்டிலேயே டெய்லி ஹெரால்ட் நாள்தோறும் 20 இலட்சம் படிகள் விற்ற முதல் தாளாயிற்று. விரைவில் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' அதனை முந்தியது. இப்போரில் வழங்கப்பட்ட பொருள்கள் அனைத்திலும் டிக்கன்ஸே தலைசிறந்தது என்போம். நாளிதழைப் புரட்டாத கையும் ஒருகால் அந்நூலைப் புரட்டியிருக்கும். காலுறை எவருக்கும் எதனையும் படிக்கக் கற்பித்திராது.

இத்துணைச் செலவையும் இதழாளர் எங்ஙனம் ஈடு செய்தனர்? இங்கேதான் குறியெதிர்ப்பையின் ஆழாக்கு கண்ணுக்குப் புலனாகின்றது. வாசகர் தொகையைக் காட்டியே விளம்பரக்காரரிடம் இடத்துக்கு விலை பேசுதல் கூடும். ஆகவே அத்தொகையை மெய்ப்பிக்க நடுநிலையான தணிக்கை வேண்டியதாயிற்று. பிரிட்டனில் 1931-இலும், இந்தியாவில் 1948-இலும் விற்பனைத் தணிக்கைக் கழகங்கள் தோன்றின. அவை எண்ணுவது படிகளையே. எண்ணப்பட்ட படி படிக்கப்பட்டதா என்பது எந்தத் தணிக்கையாளர் கணக்கிலும் ஏறாது. டெய்லி ஹெரால்டின் முடிவு இதனினும் வியப்பைத் தருவது. 1964-இல் அது மறைந்தபொழுது அதற்கு 12 இலட்சம் அளவில் விற்பனை இருந்தது. வாங்குவோர் பெரும்பாலும் முதியோரும் எளியோருமாதலின், விளம்பரக்காரர் அவர்களை விரும்பவில்லை என்று இதழியல் வரலாற்றாசிரியர் கூறுவர். திருப்பித் தரும் ஆழாக்கு வாசகர் கையில் இருந்ததன்று. வாசகரே ஆழாக்கில் அளக்கப்பட்ட அரிசியாயினர்.

நிற்க. கணினி இதழ்களுக்கு வருவோம். இங்கு இனாம் வேறொரு முகத்தோடு தோன்றுகின்றது. ஏனெனில் எழுதப்படும் பொருளின் ஒரு பகுதியையே தாளோடு ஒட்டிக் கொடுக்க இயலும். 1982 ஏப்ரலில் பிரிட்டனில் வெளிவந்த ஸ்பெக்ட்ரம் என்னும் சிறு கணினி, நிரல்களைப் பாட்டுக் கேட்கும் ஒலிநாடாவிலிருந்தே ஏற்றிக்கொள்வது. அக்காலத்துத் திங்களிதழ்கள் விளையாட்டு நிரல்களை வரிவரியாக அச்சிட்டன. சிறுவர் அவற்றைப் பார்த்துத் தட்டெழுதினர். ஓரெழுத்துப் பிழைப்பினும் நிரல் இயங்காது. பிழை தம்முடையதா அச்சினதா என்று தேடித் தேடி, நிரலெழுதும் கலையையே கற்றுக்கொண்டோர் பலர். ஏடு பெயர்த்தெழுதியே இலக்கணம் கற்ற நம் பழைய திண்ணைப் பள்ளி மாணாக்கரை இவர்கள் நினைவூட்டுகின்றனர்.

பின்னர் இதழாளர் ஒலிநாடாவையே அட்டையில் ஒட்டிக் கொடுக்கலாயினர். வாசகர் மகிழ்ந்தனர், விரல் வருத்தம் ஒழிந்தது. தொடக்கத்தில் அது ஒரே குழம்பிற் சேர்ந்த கொசுறே. ஆயின் போட்டி முற்ற முற்ற, ஒருவர் இரண்டு விளையாட்டுக் கொடுப்பின் மற்றவர் நான்கு கொடுத்தார். அட்டையில் ஆசிரியர் கட்டுரையின் பெயர் சுருங்கி, நாடாவின் பெயர் விரிந்தது. 'கிராஷ்' 1992 ஏப்ரலிலும், 'சின்கிளேர் யூசர்' 1993 ஏப்ரலிலும், 'யுவர் சின்கிளேர்' 1993 செப்டம்பரிலும் நின்றன. அக்கணினியே வழக்கொழிந்து கொண்டிருந்தமையின், நாடாவே அவற்றைக் கொன்றது என்று கூறுதல் நேர்மையன்று. ஆனால் நாடா அவற்றைக் காக்கவில்லை என்பது வெளிப்படை. எம் அளவுகோலும் இங்கே சற்று வளைகின்றது. பொருளோடு இயைந்த இனாமும், படித்தற்குரிய வேலையைத் தானே செய்து முடித்துவிடுமாயின், படிப்பின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும்.

அமெரிக்கா ஆன்லைன் என்னும் நிறுவனம் 1993 முதல் 2006 வரை தன் வட்டுகளை அஞ்சலிலும் இதழ்களிலும் கோடிக்கணக்கில் வாரியிறைத்ததை ஈண்டு ஒரு வரியிற் சொல்லி அமைவோம். அது சந்தாதாரரைத் திரட்டித் தந்தது. எஞ்சிய வட்டுகள் தேநீர்க் கோப்பைக்கு அடித்தட்டாயின.

மாறாக, நம் நாட்டில் நிகழ்ந்த ஒன்று நெஞ்சுக்கு நிறைவளிக்கின்றது. 1995 ஆகஸ்டு 15-ஆம் நாளில்தான் இந்தியாவிற் பொதுமக்களுக்கு இணையத் தொடர்பு விற்கப்படலாயிற்று. அதுவும் தொலைபேசிக் கம்பி வழியே ஊர்ந்து வந்தது. ஒரு குறுவட்டு கொள்ளும் 650 மெகாபைட்டை, நொடிக்கு 56 கிலோபிட்டு என்னும் முழு விரைவில் ஒரு கணமும் அறுபடாமல் இறக்கினும், 25 மணி நேரத்துக்கு மேலாகும். கம்பி அறுபடாத வீடும் அன்று அரிது. அந்நாளில் 'பி.சி. குவெஸ்ட்' என்னும் திங்களிதழ், எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள லினக்ஸ் இயங்குதளத்தைக் குறுவட்டிற் பதித்துத் தன் வாசகர்க்கு அளித்தது. கல்லூரி மாணவர்களும் சிற்றூர்ப் பொறியாளர்களும் அவ்வட்டின் வழியே அவ்வியங்குதளத்தை முதன்முதற் கண்டனர்.

இவ்வினாமின் சிறப்பு யாதெனில், வட்டு தனியே பயன்படாது. கணினியின் வன்தட்டைப் பகுப்பது எங்ஙனம், பழைய கோப்புகள் அழியாமற் காப்பது எங்ஙனம், திரை ஒளிராவிடின் என் செய்வது என்பனவெல்லாம் இதழின் பக்கங்களிலே இருந்தன. வட்டைப் பெற்றவன் தாளைப் படித்தே தீர வேண்டும். காலுறைக்கு மாறானது இது, ஒலிநாடாவுக்கும் மாறானது. அவ்வட்டை அவன் தன் நண்பனுக்குப் படியெடுத்துக் கொடுப்பினும் களவாகாது. உரிமமே அதற்கு இசைகின்றது. ஆகவே இதழாளர் கொடுத்தது ஒன்று; பெற்றோர் கொடுத்துப் பெருக்கியது பல.

இதன் வளர்ச்சியாகவே உபுண்டு என்னும் லினக்ஸ் வகையை உருவாக்கிய கனானிகல் நிறுவனத்தார், எந்நாட்டார் கேட்பினும் அஞ்சற் செலவும் தாமே ஏற்றுக் குறுவட்டுகளை அனுப்பி வந்தனர். அதற்கு 'ஷிப்இட்' என்று பெயர். 2011 ஏப்ரலில் அதனை நிறுத்தினர். இணையத்தில் இறக்கிக்கொள்ளுதல் எளிதாகிவிட்டது, செலவோ மிகுதி. ஆயினும் ஊர்தோறும் கூடும் ஆர்வலர் குழுக்கள் தம் கூட்டங்களில் வழங்குதற்கு மட்டும் வட்டுகளை அளித்தனர். வழங்குவோர் பக்கத்தில் நின்று விளக்கவும் வேண்டும் என்பது அதன் கருத்துப்போலும்.

கருவிகளைப் பற்றி எழுதுவோர்க்கு மற்றோர் இடர் உண்டு. செய்த நிறுவனமே கருவியை இனாமாக அனுப்பும். எழுதுபவர் அதனை ஆய்ந்து எழுதிய பின் வாசகர் ஒருவர்க்குப் பரிசாக வழங்குவார். எல்லாரும் மகிழ்வர். ஆனால் அக்கருவி குறையுடையது என்று எழுதுவாராயின், அடுத்த கருவி வருமா? கைம்மாற்றின் அளவு இங்கே வாசகர் கண்ணுக்கு மறைந்து நிற்கின்றது. இது பற்றியே அமெரிக்க வாணிக ஆணையம் 2009-இலும், நம் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை 2023 சனவரியிலும் வெளியிட்ட நெறிமுறைகள், பணம் மட்டுமன்றி இலவசமாகப் பெற்ற பொருளையும் வெளிப்படக் கூறுதல் வேண்டும் என்றன. கைம்மாற்றுக் குற்றமன்று, அளவை மறைத்தலே குற்றம்.

இவற்றையெல்லாம் எம் கூட்டத்தில் எடுத்துரைத்தபின் ஊற்றெழுதுகோலும் துணிப்பையும் கைவிடப்பட்டன. கடைக்காரர்க்கு நன்றி கூறிக் கடிதம் எழுதினோம். எனினும் எதுவுமே கொடாமலிருத்தல் தீர்வன்று என்றும் கண்டோம். இறுதியில் துணிந்த பொருள் ஓர் அட்டை. தட்டச்சுப் பலகையில் தமிழெழுத்துகள் அமைந்துள்ள முறையைக் காட்டுவது. நம் மாணவருட் பெரும்பாலோர் கைப்பேசியிற் தமிழை ஆங்கில எழுத்தால் ஒலிபெயர்த்தே எழுதுகின்றனர். 1999-இற் சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இருப்பதைப் பலர் அறியார். அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கத்தும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கத்தும் அமைந்துள்ளன. ககரத்தை ஒருமுறை தட்டி உடன் உயிரெழுத்தைத் தட்டின் உயிர்மெய் தோன்றும். பன்னீருயிரும் பதினெண் மெய்யும் இணைந்து 216 உயிர்மெய்யாகும் என்று தொல்லிலக்கணத்திற் படித்ததை விரல்களே செய்து காட்டுகின்றன. தமிழ்ச் சிறப்பு மாணவர்க்கு இதனினும் இனிய இனாம் உண்டோ!

அட்டையில் எழுத்துகளின் இடம் மட்டும் இருக்கும். மெய்யை இருமுறை தட்டின் முன்னதற்குத் தானே புள்ளி விழும் என்பது முதலிய விதிகள் தாளின் உட்பக்கத்துக் கட்டுரையில் உள்ளன. இவ்வாறு பிரித்து வைப்பதும் ஒரு தந்திரமன்றோ, நியூன்ஸ் செய்ததற்கும் நாம் செய்வதற்கும் வேற்றுமை யாது என்று எம்முள் ஒருவர் கடாவினார். அது தக்க வினாவே, நெடுநேரம் வாதிட்டோம். விதிகள் யாவும் அட்டையில் அடங்கா என்பது உண்மை. அடங்குமாயினும் வைத்திருப்போமா என்பதற்கு ஒருமித்த விடை கிட்டவில்லை. முடிவில், அட்டையின் அடியில் 'புள்ளியிடும் முறை மூன்றாம் பக்கத்தில்' என்று அச்சிடுவதென்றும், அட்டை மட்டும் வேண்டுவோர்க்கு அதனைத் தனியே கொடுப்பதென்றும் தீர்மானித்தோம்.